சர்க்காருக்கு ஒரு கறவை மாடு

ஆட்டுத்தலை வைத்த தட்டு நேராகத் தன் புருஷன் முகாஷ் முன்னால் போய் இறங்கியதைக் கண்டதுமே மரிபா கறிச்சாறு ஊற்றுவதைப் பாதியில் நிறுத்திவிட்டாள்.

தலை என்றால் சும்மாவா? பந்தியில் யார் மூத்தவரோ அவருக்குத்தான் அது. அன்றைக்கு விரிப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் முகாஷைவிட மூத்த தாடிகள் ஏழெட்டாவது இருந்தன. அத்தனை தாடிகளையும் தாண்டித் தலை இவனிடம் வந்து நின்றதென்றால் அதில் என்னவோ விவகாரம் இருக்கிறது என்பது, வாசற்படியில் நின்று கறிச்சாறு ஊற்றிக்கொடுத்த பெண்களுக்கெல்லாம் தெரிந்துவிட்டது. முகாஷுக்கு மட்டும் தெரியவில்லை. காதுவரை சிவந்துபோய், மடக்குக்கத்தியை விரித்து, ஆட்டின் காதை அறுத்து அடுத்தவர் வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு, பெரிய மனுஷத் தோரணையில் உட்கார்ந்திருந்தான். ஊர் வாய்க்கால் தண்ணீரை முறைவைத்துத் திருப்பிவிடுகிற நீர்பாய்ச்சி அவன். ஒரு மண்வெட்டியும் முழங்கால் உயர ரப்பர் பூட்ஸும் தவிர அவனுக்கென்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. அவனை யார் இதுவரை தலை கொடுத்துக் கௌரவித்தார்கள்?

விருந்து வைத்தது அவனுடைய தம்பி. கோக்-ஜர் மாவட்ட நிதி அலுவலகத்துக்கு அவன் தலைவனாகிவிட்டான். அதற்காக ஊரில் உள்ள அப்பன் வீட்டிலேயே விருந்து. மரிபா அவன் பேரைச் சொல்வதில்லை. புருஷன் வீட்டு ஆண்களின் பேரை மருமகள் வாயால் சொல்வது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. ஆளுக்கொரு பட்டப்பேர் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். இவள் கல்யாணமாகி வந்த காலத்தில் அவன் சட்டையில் பித்தான் நிற்காது. தைத்துத் தைத்துக் கொடுத்து, ‘சின்னத்துரை’ என்று கூப்பிட்டாள். இன்றைக்குக் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு காரில் வந்து இறங்கினாலும் அவளுக்கு அவன் சின்னத்துரைதான்.

சின்னத்துரை எழுந்து நின்றான்.

“பெரியவங்களே, நம்ம தலைமதகு உடைஞ்சு கெடக்கு. பனி உருகி வந்த வெள்ளம் அடிச்சிட்டுப் போயிருச்சு. வாய்க்கால்ல பொட்டுத் தண்ணி இல்ல. எனக்கு வருத்தம் இல்லாம இருக்குமா? நானும் இந்தத் தண்ணி குடிச்சு வளந்தவன்தான. ஆனா சர்க்கார்கிட்டப் பணம் இல்ல. சர்க்காரும் ஒரு வீடு மாதிரிதான். வரவு எவ்வளவோ அவ்வளவுதான் செலவு. மீறினா துண்டு விழும். துண்டு விழுந்தா கடன் வாங்கணும். கடன் வாங்கினா நம்ம பிள்ளைக தலையில வந்து விடியும். நம்ம அப்பன் பாட்டனெல்லாம் சர்க்காரக் கேட்டா மதகு கட்டினாங்க? அஷார் கூப்பிட்டாங்க, ஊரே சேந்து கட்டுச்சு. நம்ம கை எங்க போச்சு?”

தாடிகள் ஆடின. அஷார் என்றால் ஊர் கூடிச் செய்கிற வேலை. கூலி கிடையாது. ஆனால் அஷார் கூப்பிட்டவன் வந்தவர்களுக்கெல்லாம் வேலை முடிகிறவரை வயிறு நிறையச் சாப்பாடு போடவேண்டும், அதுவும் கறியோடு. அதனால், “யாரு கூப்பிடுதது?” என்று ஒருவர் கேட்டதும் ஆளாளுக்கு வேறு வேலை வந்துவிட்டது. ஒரு தாடி கூரையைப் பார்த்தது. ஒரு தாடிக்கு இருமல் வந்தது. மெதுவாக எல்லாக் கண்களும் தலைத்தட்டின் பக்கம் திரும்பின.

முகாஷ் எழுந்தான். உள்ளே போயிருந்த வோட்காவைவிடத் தலை வாங்கிய கிறுக்குத்தான் அவனுக்கு அதிகம்.

“நான் கூப்பிடுதேன்! என் பேர்ல! வார வியாழக்கிழம!”

“ஓமின், அப்படியே ஆகட்டும்!” என்றது கூட்டம். எல்லோரும் உள்ளங்கையால் முகத்தைத் தடவிக்கொண்டார்கள். அப்படித் தடவியாயிற்று என்றால் முடிந்தது கதை; சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்க முடியாது. மரிபா கையிலிருந்த அகப்பையைப் பக்கத்தில் நின்ற கடைக்காரி கூலைமிடம் கொடுத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்கு நடந்தாள்.

மறுநாள் விடியலில் குளிர்காற்று தோலை உரித்தது. மலையில் இன்னும் பனி கிடந்தது. கீழே வாற்கோதுமை விரல் உயரம் முளைத்து, தண்ணீர் இல்லாமல் நுனி மஞ்சளடித்திருந்தது. மரிபா கொட்டிலில் உட்கார்ந்து மாட்டைக் கறந்துகொண்டிருந்தாள். சிவப்பு மாடு, நெற்றியில் ஒரு வெள்ளைத் திட்டு. கன்று போட்டு ஒரு மாதம்தான். இருந்த ஆடுகள் எல்லாம் மூத்த மகள் நுரிஸாவின் நர்ஸ் படிப்புக்கும் பனிக்கால வைக்கோலுக்குமாகப் போய்விட்டன. கொட்டிலில் மிஞ்சியது இந்த மாடும் கன்றும். பால்வண்டிக்காரன் கொடுக்கிற காசில்தான் வீட்டுக்கு மாவும் தேயிலையும் வந்துகொண்டிருந்தன.

முகாஷ் வாசலில் நின்று பூட்ஸைக் கவிழ்த்து மண்ணைக் கொட்டினான். ஏற்கெனவே கொட்டின பூட்ஸ்தான்.

“ஏங்க, எத்தன பேரு வருவாக?”

“நாப்பதுக்குக் கொறையாது. ஆத்துக்குள்ள எறங்கி, கம்பி வலையில கல்ல ரொப்பி அடுக்கணும். சும்மாவா?”

“எத்தன நாளு?”

“ஒரு வாரம் இழுக்கும்.”

“நாப்பது பேருக்கு ஒரு வாரம் கறிச்சாப்பாடு. எங்கேருந்து போடப் போறீக? ஒங்க பூட்ஸ வேகவச்சா?”

“நேத்து ராத்திரியே வியாபாரிகிட்டச் சொல்லியாச்சு. வியாழக்கெழம விடியக்காலம் மூணு ஆட்டயும் ரெண்டு மூட்ட மாவையும் எறக்கிட்டுப் போவான்.”

“எறக்கிட்டு எதக் கொண்டுட்டுப் போவான்?”

அவன் மாட்டைப் பார்த்தான். மாடும் அவனைப் பார்த்து அசைபோட்டது.

மரிபாவின் கை நின்றுவிட்டது.  பேச்சு வந்தது, மடை திறந்த மாதிரி.

“ஓஹோ! அப்பிடியா சங்கதி! சர்க்காருக்குத் துண்டு விழக்கூடாது, அதனால இந்த வீட்டுல விழணும். அதான? மதகு சர்க்காரு மதகு. தண்ணித் தீர்வ சர்க்காருக்கு. மதகு நின்னா ‘நாங்க கட்டுனோம்’னு பேப்பர்ல போடுவாக. செலவு மட்டும் மரிபா மாடு! ஒங்க தம்பி நல்லாத்தான் கணக்குப் படிச்சிருக்காரு. துண்ட ஒழிக்கலய்யா அவரு, அவுக ஆபீசுலேருந்து எடுத்து எங்கொட்டிலுக்குள்ள போட்டுட்டாரு!”

“மெதுவாப் பேசு, ஊருக்குக் கேக்கும்.”

“கேக்கட்டும்! நுரிஸாவுக்கு அடுத்த தவண கட்டணும். கன்னுக்குட்டி பால் குடிக்கணும். அவ படிப்ப நிப்பாட்டிருவோமா? சொல்லுங்க, பேசாம நின்னா?”

“எல்லாரு முன்னாலயும் மூஞ்சியத் தடவியாச்சு மரிபா. இனி நான் மாத்திச் சொன்னா என்னய ஆம்பளன்னு சொல்லுவானா ஒருத்தன்? தண்ணி முறைக்கு நான் கையக் காட்டுனா எவன் கேப்பான்? வாற்கோதும காஞ்சா நம்மளும்தான சாவோம்?”

அதிலும் நியாயம் இருந்தது. அதுதான் மரிபாவுக்கு இன்னும் ஆத்திரம். மதகு வேண்டும். தண்ணீர் வேண்டும். இந்த மனுஷன் சொல்வதில் பொய் இல்லை. ஆனால் மாட்டைக் கொடுத்துவிட்டால் குளிர்காலத்தில் சாப்பிட என்ன இருக்கும்? அவள் பால்செம்பைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். வியாழக்கிழமைவரை புருஷனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ரொட்டியைத் தட்டில் வைப்பாள், தேநீரை ஊற்றுவாள், போய்விடுவாள். முகாஷ் இரண்டு தரம் இருமிப் பார்த்தான், பலிக்கவில்லை.

வியாழக்கிழமை கருக்கலிலேயே, வியாபாரி வண்டி வருமுன்னே, மரிபா மாட்டுக் கழுத்தில் கயிற்றைப் போட்டாள். கன்று தானாகப் பின்னால் வந்தது. தலையில் பூப்போட்ட துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, இடுப்பில் பால்செம்பை இடுக்கிக்கொண்டு, கோக்-ஜர் போகிற கப்பிச்சாலையில் ஏறினாள்.

பாதி தூரத்தில் ஊர்க்காரன் ஒஸ்மோனுடைய டிராக்டர் எதிரே வந்தது. பின்னால் டிரெய்லரில் கம்பி வலைச் சுருள் குலுங்கியது. ஒஸ்மோனுக்கு வாய் சும்மா இருக்காது. வண்டியை நிறுத்தினான்.

“என்ன மதினி, மாட்டக் கூட்டிக்கிட்டு நகரத்துக்கு? மாட்டுக்குப் பல்வலியா?”

“சர்க்காருக்குக் கடன் கொடுக்கப் போறேன்.”

“யாருக்கு?”

“காதுல வெங்காயமா வச்சிருக்கே? சர்க்காருக்கு. மதகு கட்டப் பணமில்லைன்னாகள்லா? அதான் நம்மால ஆனது.”

ஒஸ்மோன் மாட்டைப் பார்த்தான், கன்றைப் பார்த்தான், மரிபாவின் முகத்தைப் பார்த்தான். சிரிக்க வாயைத் திறந்தவன் மூடிக்கொண்டான்.

“அப்ப அங்க மத்தியானம் எங்களுக்குச் சாப்பாடு?”

“யாரு கூப்பிட்டாகளோ அவுகளக் கேளு.”

“கூப்பிட்டது ஒங்க வீட்டுக்காரரு.”

“அவரக் கூப்பிட வச்சது யாரு? தலையக் கொடுத்தது யாரு? ஒனக்கும் மண்டையில மசாலா இருக்குல்ல, யோசி. ஹை, ஹை, நடடி!” என்று மாட்டை ஒரு தட்டுத் தட்டினாள். டிராக்டர் நின்ற இடத்திலேயே கொஞ்சநேரம் உறுமிக்கொண்டிருந்தது.

நிதி அலுவலகம் மாவட்டத் தலைவரின் மாடிக் கட்டடத்துக்குள்ளேயே இருந்தது. முன்னால் கொடிக்கம்பம், அதைச் சுற்றி இரும்புக் கிராதி, கிராதிக்குள் பச்சைப்பசேலென்று புல். மரிபா மாட்டைக் கிராதியில் கட்டினாள். புல் எட்டுகிற தூரத்துக்குக் கயிற்றை விட்டுத்தான் கட்டினாள். மாடு ஒரு வாய் எடுத்துப் பார்த்தது, பிடித்துப்போயிற்று.

உள்ளே மேஜைக்குப் பின்னால் ஒரு பெண் நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள்.

“யாரப் பாக்கணும்?”

“நிதிக்குத் தலைவரா இருக்காகள்லா, அவுகள.”

“பேரு?”

“எம்பேரு மரிபா.”

“அவரு பேரு?”

“ஒனக்குத் தெரியாதாக்கும்?”

“எனக்குத் தெரியும். ஒங்களுக்குத் தெரிஞ்சவரான்னு கேக்கேன். எல்லாரும்தான் வந்து அவரப் பாக்கணும்ங்காங்க. பேரு சொல்லுங்க.”

“சொல்ல மாட்டேன். எங்க வீட்டுக்காரரோட தம்பி.”

“அப்ப உக்காருங்க. கூட்டத்துல இருக்காரு. சாயங்காலம் ஆகும்.”

மரிபா உட்காரவில்லை. வெளியே வந்தாள். மூன்று மாடி ஜன்னலையும் அண்ணாந்து பார்த்தாள். இருபது வருஷமாக அந்த வீட்டுக்குக் கஞ்சி காய்ச்சி, ரொட்டி சுட்டு உழைத்தவள். ஒருநாளும் வாயிலிருந்து வராத பேர். மூச்சை இழுத்துக்கொண்டாள்.

“திலேக்! ஏ திலேக்! கீழ எறங்கி வா!”

ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. நகச்சாயக்காரி வாசலுக்கு ஓடிவந்தாள். எங்கள் பக்கத்து மனுஷர்களுக்கு அதைக் கேட்டால் புரியும்: மதினி பேர் சொல்லிக் கத்துகிறாள் என்றால் வீடு தீப்பிடித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் யாராவது செத்திருக்க வேண்டும். திலேக் படியில் விழுந்தடித்துக்கொண்டு இறங்கி வந்தான். 

“என்ன மதினி? அண்ணனுக்கு என்ன?”

“ஒங்க அண்ணன் கல்லுக்குண்டாட்டம் இருக்காரு. நான் சர்க்காருக்கு மாடு கொண்டாந்துருக்கேன். வாங்கிக்கிடுங்க.”

அவன் மாட்டைப் பார்த்தான். கொடிக்கம்பத்தடியில் அது சாணி போட்டிருந்தது. மேல்ஜன்னலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

“மதினி, மானத்த வாங்காதீங்க. உள்ள வாங்க, பேசுவோம்.”

“இங்கயே பேசுவோம். மாடும் கேக்கட்டும், அதோட சங்கதிதான். ஒங்க அஷாருக்கு வியாபாரி இந்த மாட்ட இன்னைக்குக் கொண்டுபோகணும். நான் சொல்லுதேன், அவன் எதுக்கு நடுவுல? நேரா சர்க்காரே வாங்கிக்கிடட்டும். ஆனா சும்மா இல்ல, கறவைக்கு. ஒங்க அப்பா காலத்துல மாடில்லாத வீட்டுக்கு மாட்டக் கறவைக்குக் கொடுப்பாகள்லா? வாங்குனவன் பாலக் குடிப்பான், பிள்ளைகளத் தேத்துவான், கையில நாலு காசு வந்ததும் மாட்டத் திருப்பி ஓட்டிக்கிட்டு வந்து நிப்பான். எவனாவது அதுக்கு வெக்கப்பட்டானா? அதும் கடன்தான?”

“அது வேற...”

“என்னத்த வேற? மதகு கட்டுனா தண்ணி வரும், தண்ணி வந்தா வாற்கோதும, உருளக்கிழங்கு. தண்ணித் தீர்வை ஒங்க ஆபீசுக்குத்தான வருது? அந்தத் தீர்வையில கொஞ்சங்கொஞ்சமாக் கட்டிட்டுப் போங்க. பால் குடிக்கிறவன் குடிக்கிற வருஷமெல்லாம் மாட்டுக்குக் காசு கொடுக்கட்டும். ஒரு வாரத்துல எம்மாட்ட அறுத்து மொத்தச் செலவையும் ஏன் முடிக்கணும்?”

திலேக் கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டான். கோபத்தில் அவன் காதும் அண்ணன் காதுபோலத்தான் சிவந்தது.

“கடன் கடன்னு சொல்றீங்களே, போன தடவ இந்த மாவட்டம் கடன் வாங்குச்சு. என்ன பண்ணுச்சு தெரியுமா? ஊர் முகப்புல வளைவு கட்டுச்சு. ‘வருக வருக’ன்னு எழுதி, மேல ஒரு கழுகு வச்சு. எனக்கு முந்தி இருந்த புண்ணியவான் வேல அது. கழுகுக்கு இன்னும் வட்டி கட்டுறோம். போன மாசம் வாத்தியாருக்குச் சம்பளம் போடுறதுக்கு முந்தி கழுகுக்குப் போட்டோம்! அதப் பாத்துட்டு இன்னொரு கடனுக்கு நான் கையெழுத்துப் போடுவேனா?”

“கறவைக்கு வாங்குன மாட்ட அறுத்து விருந்து வச்சிட்டான் ஒருத்தன். அதுக்காக இனி எந்தப் பிள்ளைக்கும் பாலே வேண்டாம்னு சொல்லுவீகளா?”

“வீடு வேற, சர்க்கார் வேற மதினி.”

“அன்னைக்கு விருந்துல மட்டும் வீடு மாதிரின்னீக?”

திலேக் குரலை இறக்கினான். “வீட்டுக்காரன் செத்தா கடன்காரன் வந்து நின்னு கணக்க முடிச்சுக்குவான். சர்க்கார் சாகாது. அது ஒரு வசதி. அதான் ஆபத்தும். கடன் கொடுத்தவன் நம்ம பேரப்பிள்ளைக வரைக்கும் வட்டி வாங்கிக்கிட்டே இருப்பான். தலைநகரத்துலேருந்து உத்தரவு: இந்தக் காலாண்டு எந்த மாவட்டத்துலயும் துண்டு விழக்கூடாது. விழுந்தா நாற்காலி போச்சு.”

“சர்க்காருதான நோட்டு அடிக்கு? கூடக் கொஞ்சம் அடிச்சா என்ன?”

“ஒங்க அம்மா மாடு வாங்கச் சேத்து வச்சிருந்த ரூபிள் என்னாச்சு?”

மரிபாவின் அம்மா சர்க்கரை எடுக்கிற பீட்ரூட் வயலில் முதுகொடியச் சேர்த்த பணம் அது. நல்ல கறவை மாடு ஒன்று வாங்கலாம். நோட்டை அடித்து அடித்துத் தள்ளிய அந்த வருஷத்தில் அதே பணத்துக்கு ஒரு ஜோடி காலணி வந்தது. அப்புறம் ஒரு கட்டுத் தீப்பெட்டி வந்தது. அதைச் சொல்லிச் சொல்லியே அம்மா போய்ச் சேர்ந்தாள். மரிபா மாட்டின் முதுகைத் தடவினாள்.

“சரி. அது தப்பு. நோட்டு அடிக்க வேண்டாம். கடன் வாங்குங்க.”

மேல்ஜன்னலில் மறுபடி சிரிப்பு. திலேக்குக்கே உதடு கோணியது. பைக்குள் கையை விட்டான்.

“மதினி, இந்தாங்க. என் சம்பளம். மூணு ஆடு வாங்கிக்கங்க. மாட்ட ஓட்டிக்கிட்டு வீட்டுக்குப் போங்க. அண்ணனுக்குச் சொல்ல வேண்டாம்.”

கை நீட்டினால் வந்த காரியம் முடிந்துபோகும். மாடு தப்பித்துவிடும். மரிபாவின் கை அசையக்கூடச் செய்தது. பிறகு அவள் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“ஒங்க பையும் எங்க வீட்டுப் பைதான் சின்னத்துரை. ஒங்க பிள்ள குடிக்கிற பால எடுத்து எம்பிள்ளைக்கு ஊத்துவீகளா? மதகு ஒங்க மதகா? ஒங்க அண்ணன் மதகா? மதகு யாருதோ அவுக கொடுக்கட்டும். வேற யாரு பைக்குள்ள இருந்து வந்தாலும் எனக்கு வேண்டாம்.”

அவன் பணத்தைப் பிடித்தபடியே நின்றான். வெயில் ஏறிவிட்டது. மாட்டுக்கு மடி கனத்துவிட்டது, கத்த ஆரம்பித்தது. மரிபா அங்கேயே குந்தி, செம்பை வைத்துக் கறந்தாள். நகச்சாயக்காரி கையில் தேநீர்க் கிண்ணத்தோடு வந்து நின்று எட்டிப் பார்த்தாள். “கொண்டா” என்று மரிபா அவள் கிண்ணத்தில் பாலை ஊற்றினாள். ஊற்றினதைப் பார்த்து இன்னும் இரண்டு குமாஸ்தாக்கள் கிண்ணத்தோடு இறங்கி வந்தார்கள்.

“குடிங்க, குடிங்க. கடன்தான்.”

அப்போதுதான் டிராக்டர் சத்தம் கேட்டது. ஒஸ்மோன் வண்டி. டிரெய்லர் நிறைய ஆட்கள். எல்லோர் கையிலும் மண்வெட்டி, கடப்பாரை. முழங்கால்வரை ஆற்று ஈரம். முன்னால் முகாஷ் நின்றான். கம்பி வலை கிழித்துக் கையில் துணி சுற்றியிருந்தது. மரிபா அவன் முகத்தையே பார்த்தாள். எல்லார் முன்னாலும் மாட்டை அவிழ்த்துக்கொண்டு போய்விடுவானோ? போனால் யார் தடுக்க முடியும்? கயிற்றின்மேல் காலை வைத்து மிதித்துக்கொண்டாள்.

முகாஷ் அவளைத் தாண்டிப் போனான். தம்பிக்கு எதிரே போய் நின்றான்.

“விடியக்காலத்துலேருந்து தண்ணிக்குள்ள நின்னோம்,” என்றான். “வியாபாரி வந்தான். மாடு இல்லன்னதும் ஆட்ட எறக்காமப் போயிட்டான். நாப்பது பேரும் எம்மூஞ்சியப் பாத்தாக. எனக்கு மண்ணுக்குள்ள போயிரலாம்னு இருந்துச்சு. ஒஸ்மோன்தான் கேட்டான், ‘யாரு ஒன்னயக் கூப்பிட வச்சா’ன்னு.”

“அண்ணே...”

“இரு. நான் பேசிக்கிடுதேன். எனக்கு அடிக்கடி பேச வராது. தலையக் கொடுத்தே, எனக்குக் கண்ணு அவிஞ்சுபோச்சு. தப்புத்தான். எல்லாரு முன்னாலயும் தடவுன மூஞ்சிதான் இது. அதே எல்லாரு முன்னாலயும் சொல்லுதேன். இந்த அஷாரக் கூப்பிட்டது நான் இல்ல, இந்தக் கட்டடம். அஷாருக்கு வந்தவனுக்குக் கூப்பிட்டவன் சாப்பாடு போடணும். போடு. நாங்க பசியா இருக்கோம்.”

அவ்வளவுதான். நாற்பது பேரும் இறங்கி, கொடிக்கம்பத்தைச் சுற்றி, புல்லின்மேல் வரிசை வரிசையாகச் சம்மணமிட்டு உட்கார்ந்தார்கள். விருந்துப் பந்தியில் உட்காருகிற மாதிரியே, மூத்தவர் நடுவில், இளையவர் ஓரத்தில். ஒருவரும் கத்தவில்லை. சிலர் இடுப்பிலிருந்து மடக்குக்கத்தியை எடுத்துத் துடைத்து வைத்துக்கொண்டார்கள். அதுதான் திலேக்கை உலுக்கிவிட்டது. கத்தினால் போலீசைக் கூப்பிடலாம். பந்தியில் உட்கார்ந்தவர்களை எப்படித் துரத்துவது? எங்கள் பக்கத்தில் அதற்கு எவனுக்கும் வாய் வராது.

ஒஸ்மோன் உட்கார்ந்தபடியே குரல் கொடுத்தான். “ஐயா நிதி! கூலியும் சேத்துக் கொடுத்தா நட்டமில்ல. எனக்குக் கொடுத்தா நான் கூலைம் கடைக்குக் கொடுப்பேன். கூலைம் வரி கட்டுவா. வரி ஒங்ககிட்டத்தான் வரும். நடுவுல நான் ஒரு பாட்டில் வாங்கிக்கிடுவேன், அதுலயும் ஒங்களுக்கு வரி உண்டு!”

பந்தி முழுக்கச் சிரித்தது. திலேக் சிரிக்கவில்லை. அண்ணனுடைய துணி சுற்றின கையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு பணத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு உள்ளே போனான். மாடியில் மாவட்டத் தலைவரின் அறை ஜன்னல் திறந்துதான் கிடந்தது. முதலில் பெரியவரின் குரல் மட்டும் கேட்டது: உத்தரவு, காலாண்டு, பைத்தியமா உனக்கு. அப்புறம் திலேக் குரல். “கழுகுக்கு வாங்கத் தெரிஞ்சுதுல்ல ஒங்களுக்கு? இதுக்கு வாங்குங்க! துண்டு விழட்டும்! நான் எழுதுறேன், எம்பேர்ல எழுதுறேன்!” மரிபாவுக்குத் தான் கேட்பது நிஜமா என்று சந்தேகமாக இருந்தது. இந்தப் பிள்ளை இப்படிக் கத்தி அவள் கேட்டதே இல்லை.

ரொம்பநேரம் கழித்து அவன் இறங்கி வந்தான். கழுத்துப்பட்டையைக் காணவில்லை. பின்னாலேயே அலுவலக உணவகத்து ஆட்கள் இரண்டு பேர் பெரிய அண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கறி கொஞ்சம், நூடுல்ஸ் நிறைய. மூத்தவர் கையை விரித்து ஆசீர்வாதம் சொல்ல, எல்லோரும் முகத்தைத் தடவிக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார்கள்.

திலேக் மரிபாவிடம் வந்தான்.

“சிமென்டும் கம்பியும் கடனுக்கு வருது. தண்ணித் தீர்வையில அஞ்சு வருஷத்துல கட்டணும். வேல முடியிற வரைக்கும் தெனம் அண்டா ஆத்தங்கரைக்கு வரும். கூலிக்கு மட்டும் பெரியவரு சம்மதிக்க மாட்டேங்காரு. இதுக்கே என் நாற்காலி நிக்கிமான்னு தெரியல மதினி.”

மரிபா குனிந்து கிராதியிலிருந்து கயிற்றை அவிழ்த்தாள். கன்று ஓடிவந்து மடியில் முட்டியது.

“நாற்காலி போனா வீட்டுக்கு வாங்க. மாடு இருக்கு, பால் இருக்கு,” என்றாள். “கூலிக்கு அடுத்த வாரம் நான் வாரேன். மாட்டுக்கு வழி பழகிப்போச்சு.”